பீலெஃபெல்டில் நான் வாயை மூடிய கதை

ரயில் வர நான்கு நிமிடம் இருந்தபோது ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. அந்த ஜெர்மன் நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திருச்சி ஜங்ஷனாக இருந்தால் அந்நேரத்துக்குப் பத்துப் பேர் பத்து விளக்கம் சொல்லியிருப்பார்கள். அதில் எட்டு தப்பாக இருக்கும், ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஓர் இளைஞனை மறித்து ஆங்கிலத்தில் கேட்டேன். இன்றைக்கு ரயில் பெட்டிகளின் வரிசை தலைகீழாக வருகிறது என்று சொல்லிவிட்டு அவனும் நடந்தான். ஐம்பத்தாறு வயதில், ஒரு கையில் சூட்கேஸும் மறு கையில் முறுக்கு டப்பாவுமாக நானும் ஓடினேன்.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். பீலெஃபெல்ட் என்றேன். "அப்படி ஓர் ஊரே கிடையாதே," என்றார், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, அது நாடு முழுவதும் பல வருடங்களாகச் சொல்லிவரும் கேலி என்று விளக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பார்க்கப் போகிற மனிதரும் இல்லாமல் போய்விடுவாரோ என்று எனக்கு ஏற்கனவே சந்தேகம்.

நான் போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. எங்கள் ஊர் நாடகக் குழுவில் முப்பத்தைந்து வருடங்களாக இருக்கிறேன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஒத்திகைதான். நடித்ததைவிட பிராம்ப்ட் கொடுத்ததுதான் அதிகம். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நடிகர் மறப்பதற்கு அரை நொடி முன்பே அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். வசனம் விழாமல் ஒரு நொடி போனாலும் எங்கள் ஊரில் பின்வரிசை விசிலடித்துவிடும். என் காலத்தில் அப்படி ஒரு நொடி போனதில்லை என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன்.

கல்லூரி நூலகம் கழித்துக் கட்டிய புத்தகங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய நாடகப் பிரதி கிடைத்தது. எட்மண்ட் மேப்பிள்டன் என்ற ஆங்கிலேய நடிகர் எழுதியது. 'கதவுக்கு இந்தப் பக்கம்' என்று தலைப்பு. ஒரே ஒரு பாத்திரம், ஒரு மாற்று நடிகன். நட்சத்திர நடிகருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டியவன். ஒப்பனை அறையில் உட்கார்ந்து, மேடையில் நடக்கும் நாடகத்தைச் சுவரில் உள்ள ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டு, நட்சத்திரத்தோடு சேர்ந்து வசனங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். திடீரென்று ஒலிபெருக்கி மௌனமாகிவிடுகிறது. மேடையில் அந்தப் பெரிய மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது. இவன் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஒரு வசனம் சொல்லி, எழுந்து, கதவின் கைப்பிடியில் கை வைக்கிறான். விளக்கு அணைகிறது.

அதை எட்டு மாதத்தில் தமிழாக்கினேன். கடைசி வசனத்துக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. "இனி நீங்கள் என்னைப் பார்த்தே ஆக வேண்டும்." இப்போது படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அதை அடைவதற்குள் பதினேழு முறை அடித்து எழுதினேன். எங்கள் குழுவின் அகிலன் பாடம் பண்ணினான். திருச்சியில் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவன் அவன். காத்திருப்பதைப் பற்றி அவனுக்கு யாரும் நடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகஸ்டில் அரங்கேற்றம் என்று முடிவும் செய்தோம். அனுமதி கேட்டு எழுதியதற்குப் பதிப்பகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஆசிரியர் பல வருடங்களாக யாருக்குமே அனுமதி கொடுப்பதில்லை, வேண்டுமானால் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு முதியோர் இல்லத்தின் முகவரியைத் தந்திருந்தார்கள். ஜெர்மனியில் பீலெஃபெல்ட். நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்த ஊரில்தான் தன் அக்கா வதனி இருக்கிறாள் என்று அகிலன் சொன்னபோது, போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

வதனி நிலையத்துக்கு வந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது, முதியோர் பராமரிப்பில் வேலை, ஆனால் மேப்பிள்டன் இருக்கும் இல்லத்தில் அல்ல, ஊரின் மறுகோடியில் வேறொன்றில். என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்றாலும் என் சூட்கேஸைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். அன்று இடியப்பமும் சொதியும் கொடுத்தாள். தம்பி எப்படி நடிக்கிறான் என்று மூன்று தரம் கேட்டாள். அவள் இருபது வயதில் இங்கே வந்துவிட்டவள். தம்பி வளர்ந்ததைப் போட்டோவிலும் போனிலும்தான் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையிலேயே அந்த இல்லத்துக்குப் போய் நிற்கப் போகிறேன் என்றேன்.

"டெர்மீன் இல்லாமல் இஞ்ச ஆரையும் பார்க்கேலாது அக்கா," என்றாள். முன்கூட்டியே நேரம் வாங்குவதற்குத்தான் அங்கே டெர்மீன் என்று பெயர். "நான் போன கிழமையே அங்க கதைச்சு எடுத்து வச்சிட்டன். பதினொரு மணி. பத்தம்பத்தைஞ்சுக்கு நில்லுங்கோ."

பத்து ஐம்பத்தைந்துக்கு நின்றேன். இல்லத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஃபிரௌ, அதாவது திருமதி, லிண்ட்னர் என்னை உள்ளே அழைத்துப் போனார். ஜன்னலோரம் உயரமான, ஒல்லியான கிழவர் ஒருவர் கோட்டு டையோடு உட்கார்ந்திருந்தார். எண்பத்து நான்கு வயதாம். பக்கத்தில் சக்கரம் வைத்த நடைதாங்கி. என் மூன்று கடிதங்களும் மேஜையில் பிரிக்கப்பட்டு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. படித்துவிட்டு ஒரு வரி எழுதக் கூடாதா? முறுக்கு டப்பாவை நீட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தவர் கடிக்க முடியாமல் அரைமணி நேரம் சப்பிக்கொண்டிருந்தார். அந்த அரைமணி நேரத்தில்தான் அவருடைய கதையை எனக்குச் சொன்னார்.

வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். அப்பா பாரந்தூக்கி ஓட்டியவர். பதினேழு வயதில் ஓர் ஊர்சுற்றும் நாடகக் குழுவில் சேர்ந்தார். வாரம் ஒரு நாடகம். இந்த வார நாடகத்தில் நடித்துக்கொண்டே அடுத்த வார நாடகத்தைப் பாடம் பண்ண வேண்டும், பகலில் டிக்கெட் கிழிக்க வேண்டும், இடையில் திரைக்குச் சாயமும் அடிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பட்லர் வேஷம். தட்டோடு வந்து, போலீஸ்காரர் வந்திருக்கிறார் அம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது. ஏறக்குறைய நாற்பது பட்லர்கள் என்றார். அப்புறம் லண்டன். அங்கே ஒரு நட்சத்திரத்துக்கு ஒன்பது வருடம் மாற்று நடிகர். ஒவ்வொரு மாலையும் ஒப்பனை போட்டுத் தயாராக உட்கார வேண்டும். "அந்த மனிதருக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை," என்றார். இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

அந்த மாலைகளில் உட்கார்ந்து எழுதியதுதான் இந்த நாடகம். நட்சத்திரத்திடம் படிக்கக் கொடுத்தாராம். நட்சத்திரத்துக்கு மிகவும் பிடித்துப்போய், அவரே நடிக்க எடுத்துக்கொண்டார். அதற்கு மாற்று நடிகராக யாரைப் போட்டார்கள் என்று கேட்டேன். மேப்பிள்டன் தன் நெஞ்சில் விரல் வைத்துக் காட்டினார். தான் எழுதிய நாடகத்தில், தன்னைப் பற்றிய வேஷத்துக்கு, தானே மாற்று நடிகர். ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள்கூட அவர் முறை வரவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்த பிறகு சிரித்தேன்.

அதற்குப் பிறகு எழுதிய மூன்று நாடகங்களும் ஊற்றிக்கொண்டன. இந்த ஊர் அரங்கில் அந்த முதல் நாடகத்தை ஜெர்மனில் போட்டார்கள், பார்க்க வந்தார். அரங்கின் தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். உச்சரிப்பு காட்டிக்கொடுத்ததால் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, ஆங்கிலேயச் சுற்றுலாப் பயணி என்றே வேஷங்கள் வந்தன. ஒருமுறை ஒரு பேய், அதற்கு வசனம் இல்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது.

"சரி, அனுமதிக்கு வருவோம்," என்றார் அவரே. "உங்கள் மொழிபெயர்ப்பு நன்றாகத்தான் இருக்கும். அது கவலையில்லை. கடைசி மௌனத்தை என்ன செய்வீர்கள்?"

அப்படியே வைப்போம் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்றார் அவர். லண்டன் நட்சத்திரம் அதை ஒரு மூச்சளவுக்குச் சுருக்கிவிட்டார். தன் குரல் கேட்காத மேடையை அவரால் தாங்க முடியவில்லை. இங்கே இயக்குநர் அதில் டிரம் அடிக்கவிட்டார். வேறொரு நாட்டில் மழைச் சத்தம். பார்க்கிறவர்கள் நெளியும்வரை மௌனம் நீள வேண்டும் என்று அவர் எழுதியதை யாருமே செய்யவில்லை. அதனால்தான் கதவைச் சாத்திவிட்டார். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் இருந்த என் தமிழ்ப் பிரதியில் அந்த இடத்தில் 'பின்னணியில் மெல்லிய வயலின்' என்று நானே எழுதிவைத்திருந்தேன்.

அன்றிரவு முதல் வேலையாக வயலினை அடித்தேன். மறுநாள் மறுபடியும் போனேன். அவர் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், நான் எதிரே உட்கார்ந்து தமிழ்ப் பிரதியைப் பின்தொடர்கிறேன், அப்புறம் முடிவு சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். வாசிப்பு என்று தொடங்கியவர் நாலாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டார். நாடகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். எண்பத்து நான்கு வயது காணாமல் போய்விட்டது. சுவரைப் பார்த்து ஒலிபெருக்கியைக் கேட்கிறார், நட்சத்திரத்தைக் கேலி செய்கிறார், அவரை மாதிரியே நடந்து காட்ட நாற்காலியில் தோளை மட்டும் அசைக்கிறார். நான் பார்த்த நல்ல நடிகர்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்வேன். மௌனம் வந்தது. அவர் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நொடி. இரண்டு. மூன்று.

நான் வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. மேடையில் வசனம் நின்றால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல் ஒரு முகம். "பார்த்தீர்களா மேடம்," என்றார். பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். டிராமில் திரும்பி வரும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதிருந்தாலும் அந்தப் பெட்டியில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் ஊரடங்கு போட்ட மாதிரி. கடைகள் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸியின் குமிழைத் திருகப் போனேன், வதனி ஓடிவந்து தடுத்தாள்.

"இண்டைக்கு மெஷின் போடக்கூடாது அக்கா. பக்கத்து வீட்டு மனிசி சத்தமெண்டு கடிதம் எழுதிப் போடும்."

அந்தச் சட்னி இல்லாமலே தோசை சாப்பிட்டோம். நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது வயதானவர்கள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் இவள் பாய்ந்து போட்டுவிடுவாளாம். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தாராம். அவர்களால் முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் இங்கே வேலையின் பாதி என்று. "ஒரு வருசம் எடுத்தது அக்கா, என்ர கை சும்மா நிக்க," என்றாள்.

எனக்கு ஒரு வருடம் இல்லை. ஊர் திரும்ப ஏழு நாள்தான் இருந்தது. அன்று மாலையே வாயை மூடிப் பழகத் தொடங்கினேன். மேஜையில் சாப்பிடும்போது உப்பு எட்டவில்லை, கேட்கவில்லை. மறுநாள் பேக்கரியில் என் முறை வந்தும் விற்பனைப் பெண் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள், வழக்கமாக நான் தொண்டையைச் செருமி ஊரைக் கூட்டுகிறவள், அப்படியே நின்றேன். அஸ்பாரகஸ் எனும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டை இந்தப் பருவத்தில் எங்கே பார்த்தாலும் விற்கிறார்கள். வதனி அதை வெண்ணெயில் வேகவைத்துக் கொடுத்தாள், வெந்த வாழைத்தண்டுக்கு உப்புப் போட மறந்த மாதிரி இருந்தது. அதையும் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று வதனி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டெர்மீன் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். இந்த முறை அனுமதி கேட்கவில்லை. நீங்கள் இந்த வேஷத்தை ஒரு தடவைகூட ஆட்கள் முன்னால் போட்டதில்லையே, இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் போடுங்கள் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முன்னைப் போல் இல்லை, சில நாட்களில் நடுவில் வார்த்தை நழுவிவிடுகிறது என்றார். ஜெர்மன் அரங்குகளில் முதல் வரிசையில் பிரதியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அந்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்றேன்.

"உங்கள் வாயை நம்பி நான் மேடையேற வேண்டுமா?"

"வியாழக்கிழமைவரை பயிற்சி எடுப்போம். சரிப்படாவிட்டால் நான் ஊருக்குப் போய்விடுகிறேன். உங்களை மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்."

என் நாடகத்தை நானே பணயம் வைத்துவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஃபிரௌ லிண்ட்னர் கேட்டவுடனே குறிப்பேட்டை எடுத்து வியாழக்கிழமை காபி நேரம் என்று எழுதிவிட்டார். அந்த நாட்டில் எழுதிவிட்டால் எழுதியதுதான். கிழவருக்கும் எனக்கும் பின்வாங்க வழியில்லாமல் போனது.

இரண்டு நாள் ஒத்திகை. ஒரு குறி வைத்துக்கொண்டோம். வார்த்தை வேண்டுமென்றால் கோட்டின் மேல் பொத்தானைத் தொடுவார், அப்போது மட்டும் நான் கொடுக்க வேண்டும். தொடாதவரை வானமே இடிந்து விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நாள் இரண்டு முறை தவறினேன். இரண்டாம் நாள் தவறவில்லை. அவர் ஐந்து முறை பொத்தானைத் தொட்டார், ஐந்து முறையும் கொடுத்தேன். கடைசி மௌனத்தில் நாக்கைப் பற்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். நாற்காலியிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்து நிற்பதையும் அவர் பழகிக்கொண்டிருந்தார். அது அவருக்கு என் மௌனத்தைவிடக் கடினமாக இருந்தது.

வியாழக்கிழமை இல்லத்துக்குப் போகும் டிராம் நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் நின்றது. அறிவிப்பு ஒன்று வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். முந்தைய கோமதியாக இருந்தால் நாலு பேரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இப்போதுதான் பயிற்சியில் இருக்கிறேனே, கம்மென்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து ஓட்டுநர் வந்து, இந்த வண்டி பழுதாகிவிட்டது, எல்லோரும் எப்போதோ பேருந்தில் போய்விட்டார்கள், நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மௌனம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது போலிருக்கிறது என்று அப்போதே தோன்றியது. யோசிக்க நேரமில்லை.

கூடத்தில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். ருபார்ப் கேக்கும் காபியும் முடிந்திருந்தது. வதனி வேலை நாளை மாற்றிக்கொண்டு வந்து, பின்னால் சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஃபிரௌ லிண்ட்னர் கதையை முன்பே ஜெர்மனில் சொல்லிவிட்டார். மேப்பிள்டன் நடைதாங்கியை நடைபாதையிலேயே விட்டுவிட்டு, கையில் தன் பழைய மேலங்கியோடு உள்ளே வந்தார். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, நடைபாதைக்குப் போகும் உண்மையான கதவு. அவ்வளவுதான் மேடை.

தொடங்கினார். பத்து நிமிடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. நட்சத்திரத்தைக் கேலி செய்யும் இடத்தில், ஆங்கிலம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். மடியில் ஆங்கிலப் பிரதியும் அதற்கு அடியில் என் தமிழ்ப் பிரதியுமாக, நான் விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தேன். மூன்று முறை பொத்தானைத் தொட்டார். மூன்று முறையும் உதடு அசைவது தெரியாமல் கொடுத்தேன், அவர் தடம் தெரியாமல் எடுத்துக்கொண்டார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மௌனம் வந்தது.

அவர் தலையைச் சாய்த்துச் சுவரைக் கேட்டார். கை மடியில் இருந்தது. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் ஒரு சுற்று முடித்தது. ஒத்திகையில் இவ்வளவு நேரம் போனதில்லை. அவர் கண் மெதுவாக நகர்ந்து என் மேல் வந்து நின்றது. பொத்தானைத் தொடவில்லை. என் விரலுக்குக் கீழே அந்த வசனம் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்பது சொற்கள், தமிழில் என் இரண்டு மாதம். இதுதான் பரீட்சை, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சோதிக்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கிறாயா, பார்க்கலாம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தேன். இரண்டாவது சுற்றும் பாதி போனது. முன்வரிசையில் ஒரு பாட்டி, "முடிந்துவிட்டதா?" என்று உரக்கக் கேட்டார். பக்கத்திலிருந்தவர், "இல்லை, பொறு," என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வதனி பாதி எழுந்துவிட்டாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன், உட்கார்ந்தாள். உள்ளங்கை வியர்த்துப் பிரதியின் ஓரம் நனைந்துவிட்டது. வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

அவர் மேஜையைப் பிடித்தார். எழுந்து நின்றார். மேலங்கியை ஒரு கையில், பிறகு மறு கையில் மாட்டினார். வசனத்தைச் சொல்லவில்லை. கதவுவரை நடந்து கைப்பிடியில் கை வைத்தார். நாடகம் அங்கே முடிய வேண்டும். ஃபிரௌ லிண்ட்னர் விளக்கை அணைக்கச் சுவிட்சில் விரலை வைத்துக் காத்திருந்தார். மேப்பிள்டன் கைப்பிடியை அழுத்தினார், கதவைத் திறந்தார், வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஃபிரௌ லிண்ட்னரின் விரல் இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. பிறகு எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள், கைதட்டினார்கள். 'பொறு' என்று சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. ஒளித்துக்கொள்ளவில்லை.

நடைபாதையில் அவர் நடைதாங்கியின் இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறக்கவே இல்லை பார்த்தீர்களா என்று என் முகமே கேட்டிருக்கும்.

"ஏன் கொடுக்கவில்லை?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வசனம். மறந்துவிட்டது. சுத்தமாக மறந்துவிட்டது. எவ்வளவு நேரம் உங்களையே பார்த்தேன்."

பொத்தானைத் தொடவில்லையே என்றேன்.

"பொத்தானும் மறந்துவிட்டது," என்றார் அவர்.

பெரிதாக ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஓர் எண்பத்து நான்கு வயது மனிதரை நடு ஆற்றில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். சிரித்துக்கொண்டிருந்தார். வேறு வழி எதுவும் தெரியாததால் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன் என்றார். அறுபது வருடமாக அந்தக் கதவைக் கைப்பிடியோடு நிறுத்தி வைத்திருந்தேன், திறக்கலாம் என்று தோன்றவே இல்லை என்றார். பிறகு என் கையிலிருந்த தமிழ்ப் பிரதியைக் கேட்டார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த வசனம் எது என்று கேட்டார். காட்டினேன். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் இரண்டு மாதத்தின் மேல் ஒரு கோடு போட்டார். நேரான, தடித்த கோடு. என் மொழிபெயர்ப்பிலேயே சிறந்த வரி அது, அதை மட்டுமாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்க நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கை அப்படியே படுக்க வைத்தேன். கோட்டுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினார்: 'கதவைத் திறந்துகொண்டு போகிறான்.' அதற்குக் கீழே, இந்தப் பிரதியை இதே மௌனத்தோடு தமிழில் நடிக்கலாம் என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார்.

மாலை வதனி வீட்டிலிருந்து அகிலனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். எடுத்தவுடனே, "கிடைச்சுதோ அக்கா?" என்றான்.

"கிடைச்சிருச்சு," என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. கடைசி வசனத்தை எடுத்துவிட்டார் என்று சொன்னேன். மௌனத்துக்குப் பிறகு நேராக எழுந்து, கதவைத் திறந்து போய்விட வேண்டும்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது அக்கா? எப்ப எழும்புறது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வதனி சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"அக்கா? நிக்கிறீங்களோ?" என்றான் அகிலன். பிறகு அவனும் பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே, திருச்சியில், ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.